மின்சுற்றை வரைந்தால் போதுமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்

பங்குனிப் பொங்கல் வந்துவிட்டால் விருதுநகரில் ரேடியோ செட் ஒலிக்காத தெரு இல்லை. பாட்டு நிற்கும் இடைவெளியில் ஒலிபெருக்கியிலிருந்து "உம்" என்று ஓர் இரைச்சல் எழுவதைக் கேட்டிருப்பீர்கள். ஆம்ப்ளிஃபயர் சரியில்லை என்று பழி போடுவோம். பல நேரங்களில் குற்றவாளி, அதற்குச் சோறு போடும் மின்வழங்கிதான்.

நம் வீட்டுக்கு வரும் மாறுமின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைகிறது. நான்கு டையோடுகள் அதை ஒரே திசைக்குத் திருப்பும்போது நொடிக்கு 100 மேடுகள் உண்டாகின்றன. இடையிலுள்ள பள்ளங்களை மின்தேக்கி நிரப்புகிறது, முழுவதும் நிரப்புவதில்லை. எஞ்சும் சிற்றலையை, மைக்கின் மெல்லிய குரலோடு சேர்த்து முன்பெருக்கி பெருக்கிவிடுகிறது. சீராக்கப்பட்ட மின்வழங்கி இதற்காகவே தேவைப்படுகிறது.

இவையெல்லாம் நம் பாடநூலில் உள்ளவையே. தேர்வில் கேட்டால் படம் வரைந்து, பாகம் குறித்து மதிப்பெண் வாங்கிவிடுவோம். ஆனால் நண்பர்களே, நம்மில் எத்தனை பேர் அதைச் செய்து பார்த்திருக்கிறோம்?

படத்தில் 230 வோல்ட் என்றைக்கும் 230 வோல்ட்தான். ஊரில் அப்படியா? 15 வோல்ட் மின்மாற்றி, 4700 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, 7812 சீராக்கி, 1 ஆம்பியர் மின்னோட்டம் என்று கணக்கிட்டுப் பாருங்கள். உச்ச மின்னழுத்தம் 21 வோல்ட். டையோடுகளில் 1.4 வோல்ட் போகும். சிற்றலைப் பள்ளத்தில் இன்னும் 2 வோல்ட் போகும். மீதி 17 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது. 12 வோல்ட் தருவதற்கு 7812 ஏறத்தாழ 14 வோல்ட் கேட்கும், கவலையில்லை. ஆனால் மின்சாரம் 180 வோல்ட்டுக்கு இறங்கினால், அந்த மீதி 13 வோல்ட்டாகிவிடும். சீராக்கி கைவிடும்; இரைச்சல் திரும்பிவிடும்.

சரி, 18 வோல்ட் மின்மாற்றி போடலாமா? அப்போது சீராக்கியில் வெப்பமாக வீணாவது 7 வாட்டிலிருந்து 11 வாட்டாக ஏறும். போதிய அலுமினியத் தகடு இல்லையேல், சூடேறிய 7812 தானே வேலையை நிறுத்திக்கொள்ளும். செய்து பார்ப்பவன்தான் மூன்றாவது வழியைக் காண்பான்: சில மில்லி ஆம்பியர் மட்டுமே கேட்கும் முன்பெருக்கிக்குச் சீராக்கியை வைத்துவிட்டு, சிற்றலையை ஓரளவு தாங்கும் கடைசிப் பெருக்கியை நேரே மின்தேக்கியோடு இணைத்துவிடலாம். இப்படி முடிவெடுக்கும் பயிற்சியைக் கரும்பலகை தருவதில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சரவெடி பின்னும் என் தாயார் ஒருநாள், "ஏய்யா, மூணு வருசம் படிச்சு என்னத்தச் செய்யத் தெரிஞ்சுக்குவ?" என்று கேட்டார். கையால் உழைத்து வாழ்பவர் கேட்கும் நியாயமான கேள்வி அது. சந்தேகம் கேட்க எங்கள் உறவில் ஓர் எஞ்சினீயர் மாமா இல்லை. ஆய்வகத்தில் கிடைக்காத கைப்பழக்கம், என்னைப் போன்றோருக்கு வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டி செய்யக் கற்பதற்காகக் கல்கத்தா வரை சென்றார்கள். அவர்கள் செய்து கற்றுக்கொண்டு வந்த தொழில்தான் சிவகாசியின் முகத்தை மாற்றியது.

மாணவர் மின்சாரத்தில் கை வைப்பது ஆபத்தல்லவா என்று கேட்கலாம். உண்மைதான். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தை நம் மாவட்டம் மறக்கவில்லை. ஆபத்தான பொருளோடு ஒழுங்கோடு பழகக் கற்பிப்பதும் கல்விதான். ஃபியூஸ் பொருத்தி, மின்மாற்றியின் 230 வோல்ட் பக்கத்தை ஆசிரியர்கள் பெட்டிக்குள் மூடித் தரட்டும். மாணவர் தாழ்ந்த மின்னழுத்தப் பக்கத்தில் மட்டும் வேலை செய்யட்டும். இணைப்பைத் துண்டித்த பின்னும் மின்தேக்கியில் மின்னூட்டம் இருக்கும் என்பதை முதல் நாளே சொல்லித் தரட்டும்.

இரண்டு மாணவருக்கு ஒரு மின்வழங்கி என்று செய்முறை வகுப்பில் சேர்க்கலாம். அதனால் இயங்கும் ஆம்ப்ளிஃபயர் நம் கல்லூரி விழாவிலேயே ஒலிக்கலாம். பேராசிரியப் பெருமக்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். பட்டம் வாங்க நீளும் கை, ஒன்றைச் செய்யத் தெரிந்த கையாகவும் இருக்கட்டும்!