எண்பத்தைந்து சதவீதத் தாயத்து

நம்மவர்களுக்கு விஞ்ஞானத்திடமிருந்து வேண்டியது ஒரு எண். எண் கிடைத்துவிட்டால் யோசிக்கிற வேலை தீர்ந்தது. சென்ற இதழில் நண்பர் எழுதிய கட்டுரையில் 85 என்ற எண் ஐந்து இடங்களில் வருகிறது. மனிதரிடையேயான மரபணு வேறுபாட்டில் 85 சதவீதம் எந்த ஒரு ஜனக்கூட்டத்துக்கு உள்ளேயே அடங்கிவிடுகிறது. ஆகவே இனம் என்று ஒன்று கிடையாது. ஆகவே மனிதர் சமம். ஆகவே ஜாதி பொய். ஒரு 'ஆகவே'யிலிருந்து அடுத்ததற்கு அவர் தாண்டுகிற பள்ளங்களை ஒரு கவிதையில் யாராவது தாண்டியிருந்தால் அவரே கிழித்துப் போட்டிருப்பார். கட்டுரை என்பதால், அதிலும் 'நல்ல' கட்டுரை என்பதால், நாமெல்லோரும் தலையாட்டிவிட்டோம்.

அவருடைய முடிவுகளோடு எனக்குச் சண்டை இல்லை. அவற்றை எதன்மேல் நிறுத்தியிருக்கிறார் என்பதில்தான்.

ரிச்சர்ட் லெவோன்டின் அந்தக் கணக்கை 1972ல் வெளியிட்டார். ரத்த வகைகள், ரத்தப் புரதங்கள், என்சைம்கள் என 17 மரபணுக்கள். கிடைத்த விடை: 85.4 சதவீதம் ஒவ்வொரு ஜனக்கூட்டத்துக்குள்ளும், 8.3 ஒரே 'இன'த்தைச் சேர்ந்த ஜனக்கூட்டங்களுக்கிடையே, 6.3 'இன'ங்களுக்கிடையே. நண்பர் மூலக் கட்டுரையைப் பார்த்திருக்கிறாரா என்பது எனக்குச் சந்தேகம். பார்த்திருந்தால் அதிலுள்ள பட்டியல் அவர் கண்ணை உறுத்தியிருக்கும். ஏழு பெட்டிகள். இந்தி பேசுகிறவர்கள் ஆங்கிலேயரோடும் இத்தாலியரோடும் 'காக்கேசியர்' பெட்டியில். தமிழர்கள், தோடர், இருளர், நாயர், அந்தமானியரோடு 'தெற்காசிய ஆதிவாசிகள்' பெட்டியில். தோடரோடும் இருளரோடும் ஒன்றாக நிற்பதில் எனக்குக் கௌரவக் குறைவு ஏதுமில்லை. ஆனால் இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது? பாதி மொழியியல், பாதி பழைய மானிடவியலின் தூசி. லெவோன்டினுக்கே இது தெரியும்; இந்தி பேசுகிறவர்களை எங்கே வைப்பது என்று அவரே கட்டுரையில் கேட்கிறார். எதிராளியின் பெட்டிகளையே எடுத்துக்கொண்டு, அவற்றிலேயே இவ்வளவு குறைவாகத்தான் தேறுகிறது என்று காட்டினார். நேர்மையான காரியம். தமிழரை வேறு பெட்டிக்கு மாற்றினால் 6.3ம் 8.3ம் கொஞ்சம் நகரும், 85 நகராது. 2002ல் ரோசன்பர்க் குழுவினர் 52 ஜனக்கூட்டங்களில் 1056 பேரிடம் 377 மரபணுக் குறிகளைப் பார்த்தபோது உள்வேறுபாடு 93 முதல் 95 சதவீதம் வரை வந்தது. எண் நிஜம். அதில் யாருக்கும் தகராறு இல்லை.

தகராறு, அந்த எண்ணிலிருந்து என்ன பெறப்படுகிறது என்பதில். கேம்பிரிட்ஜின் எட்வர்ட்ஸ் 2003ல் எழுப்பிய ஆட்சேபம் எளியது. ஒரு மரபணுவின் ஒரு வடிவம் ஒரு கூட்டத்தில் நூற்றுக்கு 30 என்றும் இன்னொன்றில் 70 என்றும் வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் வேறுபாட்டில் 84 சதவீதம் கூட்டங்களுக்கு உள்ளேதான். அந்த ஒரு மரபணுவை மட்டும் பார்த்து ஆளை எந்தக் கூட்டம் என்று சொன்னால் நூற்றுக்கு 30 முறை தவறும். அப்படிப்பட்ட மூன்றைச் சேர்த்துப் பெரும்பான்மை பார்த்தால் தவறு 22க்குக் குறைகிறது. பதினொன்றில் 8. நூறு சேர்த்தால் தவறு அநேகமாக இல்லை. ஒவ்வொன்றிலும் 84 அப்படியே இருக்க, எல்லாம் சேர்ந்து காட்டிக்கொடுத்துவிடுகின்றன. வங்கியில் மாதிரிக் கையெழுத்தோடு காசோலையை ஒப்பிடுகிறவனுக்கு இது புதிதல்ல. ஒரு சுழி எவனுக்கும் இருக்கும், ஒரு சாய்வு எவனுக்கும் இருக்கும். பத்தும் சேர்ந்து ஒருவனுக்குத்தான்.

இதைச் சொன்னதும் எதிர்க்கட்சிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். நம் மாதாந்தரக் கூட்டத்திலேயே ஒருவர் எட்வர்ட்ஸின் பெயரைக் கொடிபோல் ஆட்டினார்: பார்த்தீர்களா, இனம் இருக்கிறது. என்ன இருக்கிறது? ஒருவனுடைய முன்னோர் எந்தப் பக்கத்தவர் என்று கண்டுபிடிக்க முடியும் என்பது இருக்கிறது. கையெழுத்து யாருடையது என்று சொல்லிவிடலாம். கணக்கில் எவ்வளவு பாக்கி என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியுமா? பெட்டிகள் எத்தனை என்பதுகூட இயற்கை எழுதி வைத்ததல்ல. அதே 2002 ஆய்வில் கணிப்பொறியிடம் ஐந்து தொகுதிகள் கேட்டார்கள், பெரிய நிலப்பரப்புகளை ஒட்டி ஐந்து வந்தன. ஆறு கேட்டார்கள். ஆறாவதாக வந்தது பெரிய கண்டம் எதுவுமல்ல. பாகிஸ்தானின் வடமேற்கு மலைப் பள்ளத்தாக்குகளில் வாழும் சில ஆயிரம் கலாஷ் மக்கள். இதை யாரும் ஆறாவது மகா இனம் என்று கூவவில்லை. ஐந்தை மட்டும் கூவுகிறார்கள்.

கொடி ஆட்டியவர் எட்வர்ட்ஸை முழுவதும் படித்திருந்தாலும் சங்கடம்தான். மனித சமத்துவத்தை உயிரியல் ஒற்றுமையின்மேல் கட்டுவது அபாயம், நாளைக்கு வேற்றுமை தெரியவந்தால் அதுவே சமத்துவமின்மைக்கு வாதமாகிவிடும் என்று அவரே அங்கே எச்சரிக்கிறார். நான் நண்பரிடம் கேட்பதும் இதைத்தான்.

ஏனென்றால் நாளை ஏற்கெனவே வந்துவிட்டது. 2009ல் ஹைதராபாத் மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோரும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, இந்தியக் குழுக்களுக்கிடையே உள்ள மரபணு வேறுபாடு ஐரோப்பாவில் உள்ளதைவிடப் பெரிது என்கிறது. ஒரே ஊரில், ஒரே கிணற்றுக்கு இரண்டு பக்கமும் வாழ்ந்தவர்களுக்கிடையே. 2013ல் தொடர்ந்து வந்த ஆய்வு, சுமார் 4200 முதல் 1900 ஆண்டுகளுக்கு முன்வரை இங்கே விரிவான கலப்பு நடந்தது, பிறகு அது நின்றுபோனது என்கிறது. ஆந்திர வைசியரிடம் நூறு தலைமுறைக்கு மேற்பட்ட அகமணத்தின் தடம் தெரிகிறது. அறுவை சிகிச்சையில் கொடுக்கும் ஒரு தசைத்தளர்ச்சி மருந்திலிருந்து அவர்களில் சிலர் மீள்வதற்கு நேரமாகிறது.

நண்பரின் தர்க்கப்படி இப்போது என்ன செய்வது? மரபணுவில் ஜாதி இல்லை, ஆகவே ஜாதி பொய் என்று எழுதியவர், மரபணுவில் ஜாதியின் கீறல் இருக்கிறது என்றதும் ஜாதி மெய் என்று எழுதுவாரா? எழுத மாட்டார், எனக்குத் தெரியும். ஆனால் அவரிடம் வேறு வாதம் கையிருப்பில் இல்லை. இருந்ததை 85ல் போட்டு முடக்கிவிட்டார். அந்தக் கீறல் எதைக் காட்டுகிறது? யார் மேல், யார் கீழ் என்பதையல்ல. யார் வீட்டில் பெண் எடுக்கலாம், யார் வீட்டில் கூடாது என்ற கட்டளையை நூறு தலைமுறை நிறைவேற்றியவர்களின் கைரேகை அது. சட்டம் முதலில், ரத்தம் பிறகு. ரத்தத்தைக் காட்டிச் சட்டத்தை நியாயப்படுத்துகிறவனை அங்கேயே பிடிக்கலாம், நாம் தாயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ளாவிட்டால்.

அடுத்த இதழில் நண்பர் பதில் எழுதுவார் என்று ஆசிரியர் சொல்கிறார். எழுதட்டும். ஒரே நிபந்தனை: 85ஐத் தொடாமல், மனிதர் ஏன் சமம் என்று இரண்டு பக்கம்.