மேட்டூர் நீர்மட்டம் தெரியுது, ஃபைபர் வெளிச்ச மட்டம் ஏன் தெரியல?

மேட்டூர் அணையில இன்னைக்கு எத்தனை அடி தண்ணின்னு மன்னார்குடி டீக்கடையில யாரை வேணா கேளுங்க, டக்குனு சொல்லுவாங்க. மொத்தம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி, வரத்து இத்தனை கன அடி, திறப்பு இத்தனை கன அடின்னு தினமும் பேப்பர்ல வருது. பள்ளிக்கூடம் பக்கமே ஒதுங்காத பெரியவர் கூட டிஎம்சி கணக்கு பேசுவார்.

அந்தப் பெரியவர் வீட்டுக்கும் இப்ப ஃபைபர் நெட் வந்தாச்சு. அந்தக் கண்ணாடி இழையில எவ்வளவு வெளிச்சம் வந்து சேருதுன்னு அவருக்குத் தெரியாது. கம்பெனிக்குத் தெரியும். ஆனா சொல்ல மாட்டாங்க. இந்தப் பதிவே அந்தக் கடுப்புல எழுதுறதுதான்.

கொஞ்சம் டெக்னிக்கலா போகணும், பொறுத்துக்குங்க. கம்பெனி ஆபீஸ்ல ஓஎல்டின்னு ஒரு பொட்டி இருக்கும். அதோட ஒவ்வொரு போர்ட்லயும் விரல் நீளத்துக்கு ஒரு மாட்யூல் சொருகியிருப்பாங்க, பேரு எஸ்எஃப்பி. உள்ள ஒரு லேசர், வெளிச்சத்தை வாங்க ஒரு டயோடு. ஜிபான் முறையில 1490 நானோமீட்டர் வெளிச்சம் நம்ம வீட்டுக்கு வரும், 1310 திரும்பிப் போகும். ரெண்டும் ஒரே இழையிலதான்.

நம்ம நீடாமங்கலம் மூணாறு தலைப்புல வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறுன்னு தண்ணி பிரியுது இல்லையா, அதே மாதிரி வழியில ஸ்ப்ளிட்டர்னு ஒண்ணு வெளிச்சத்தைப் பிரிக்கும். மூணா இல்ல, பெரும்பாலும் 32-ஆ. மூணாறு தலைப்புல ஷட்டர் இருக்கு, ஆள் இருக்கு. ஸ்ப்ளிட்டர்ல ஷட்டரும் கிடையாது, கரண்டும் கிடையாது, வர்றதைப் பங்கு போட்டுட்டுச் சும்மா இருக்கும்.

பி ப்ளஸ் வகை மாட்யூலுக்கு மொத்த பட்ஜெட் 28 டெசிபல். 32-ஆ பிரிச்சதுமே கிட்டத்தட்ட 17 காலி. பத்து கிலோமீட்டர் கேபிளுக்கு ஒரு மூணரை. மீதி ஏழு, ஏழரை. இதுக்குள்ளதான் எல்லா ஜாயிண்டும், தூசி படிஞ்ச கனெக்டரும், ஈபி போஸ்ட்ல மடிச்சுக் கட்டுன கேபிளும், வைக்கோல் லாரி இழுத்துட்டுப் போன இடத்துல போட்ட ஒட்டும் அடங்கணும். மூணு டெசிபல் போச்சுன்னா பாதி வெளிச்சம் போச்சு. நம்ம வீட்டு டப்பாவுக்கு வேண்டியதே மைனஸ் 27 டிபிஎம்தான், அதாவது ஒரு மில்லிவாட்டுல ஐந்நூறுல ஒரு பங்கு. அதுக்கும் கீழ போனா கடைமடை வயல் கதைதான்.

மேட்டர் என்னன்னா, அந்த மாட்யூலே இதையெல்லாம் அளக்குது. உள்ள ஒரு சின்ன மெமரி இருக்கு. முதல் பகுதியில தயாரிச்ச கம்பெனி பேரு, மாடல், சீரியல் நம்பர். அடுத்த பகுதியில வெப்பம், வோல்டேஜ், லேசருக்குப் போற கரண்ட், அனுப்புற வெளிச்சம், வாங்குற வெளிச்சம்னு அஞ்சு அளவு. எஸ்எஃப்எஃப்-8472ன்னு இதுக்கு ஸ்டாண்டர்டே இருக்கு. கருவி விக்கிற பல கம்பெனிகள் முதல் பகுதியை மட்டும் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திட்டுப் படிப்பாங்க, வேற கம்பெனி மாட்யூலைச் சொருகுனா வேலை செய்ய விடக்கூடாதே! ரெண்டாவது பகுதி நமக்கு வேண்டியது. அதைக் காட்ட மட்டும் மனசு வராது. வீட்டு டப்பாவுல பெரும்பாலும் மாட்யூலைத் தனியா கழட்ட முடியாது, ஆனா அதுவும் தன் அளவை ஓஎல்டிக்குச் சொல்லிட்டுத்தான் இருக்கு. ஆக நம்பர் கம்பெனி கையில இருக்கு.

போன வருஷம் எங்க வீட்டுல நெட் வர்றதும் போறதுமா இருந்துச்சு. அப்பா நாலு நாள் போன் பண்ணாரு. நாலு நாளும் ஒரே மந்திரம், "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்". எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க, எல்லாரும் ஒரே குட்டையில ஊறுன மட்டைங்கதான். அஞ்சாம் நாள் வந்த தம்பி மீட்டரை வச்சான், மைனஸ் 29. மாடிப்படி ஓரம் மடங்கியிருந்த கேபிளை நிமித்தி, கனெக்டரைத் துடைச்சான், மைனஸ் 21. பத்து நிமிஷம்! முதல் நாளே ஆபீஸ்ல திரையைப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

டப்பாவுல சிவப்பு லைட் எரியுமேன்னு கேப்பீங்க. அது வெளிச்சம் செத்த பிறகுதான் எரியும். நாடி குறையுறதைச் சொல்ற வைத்தியர் வேணும், நின்ன பிறகு வந்து சங்கு ஊதுறவர் எதுக்கு?

"சாதாரண ஜனங்களுக்கு டிபிஎம் எல்லாம் புரியாது"ன்னு ஒரு வாதம் வரும். கன அடி புரியுது, பிபி 140/90 புரியுது, சாப்பிட்டதுக்கு அப்புறம் எடுத்த சுகர் எவ்வளவுன்னு புரியுது, மைனஸ் 23 மட்டும் புரியாதாமா? புகார் குவிஞ்சிடும்னு இன்னொரு வாதம். குவியட்டுமே. 2024 டிராய் விதிப்படி மொபைல் கம்பெனிகள் எந்த ஊர்ல எந்த சேவை கிடைக்கும்னு மேப் போட்டு வெளியிடணும். அது முடியும்னா இதுவும் முடியும்.

இது சினிமா பாக்குறவனோட புலம்பல் இல்லீங்க. பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாளன்னைக்கு இ-சேவை மையத்துல நெட் இல்லன்னா, அந்த வருஷம் வெள்ளத்துல போன சம்பாவுக்கு யாரு பொறுப்பு? மாட்யூல் சூடாகி லேசர் கரண்ட் மாசக்கணக்கா ஏறிட்டே இருந்திருக்கும். ஒருத்தரும் பாத்திருக்க மாட்டாங்க.

பாரத்நெட் இரண்டாம் கட்டத்துல தமிழ்நாட்டுக்கு மட்டும் 12,525 ஊராட்சி, சுமார் 1,815 கோடி ரூபாய், பொறுப்பு டான்ஃபினெட். 2020-ல டெண்டர் ரத்தானப்போ நிபந்தனைகளைப் பத்தி அத்தனை பேரும் பேசினோம், சரிதான். கேபிள் எத்தனை கிலோமீட்டர்னும் கேக்குறோம். ஊராட்சி ஆபீஸ்ல இன்னைக்கு எத்தனை டிபிஎம்னு எவனாவது கேட்டோமா? அது பொதுப்பணம். ஊராட்சி வாரியா தினசரி அளவை இணையத்துல போடறது பெரிய கம்பசூத்திரம் இல்ல, பொட்டி தட்டுறவன் சொல்றேன், ஒரு வாரத்து ஆணி. தனியார் கம்பெனிங்க தங்களோட ஆப்ல ஒரே ஒரு வரி காட்டினா போதும்.

அதுவரைக்கும் நீங்களே பாருங்க. பிரவுசர்ல 192.168.1.1 அடிச்சா நிறைய டப்பாவுல உள்ள போகலாம், ஆப்டிகல்னு எங்கயாவது ஒரு பக்கம் இருக்கும். பாஸ்வேர்டு தரலன்னா, லைன்மேன் வர்றப்ப ஒரு டீ வாங்கிக் கொடுத்து மீட்டர்ல என்ன காட்டுதுன்னு கேட்டு, தேதியோட மார்க்கர்ல டப்பா மேலயே எழுதி வைங்க.