ஏழு பேரின் கணக்கு

"டாக்டர் நூற்றுக்கணக்கில் ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியிட்டவர், ஸார்!" என்று யாராவது சொன்னால், நாமும் மரியாதையாகத் தலையை ஆட்டி வைக்கிறோம். அந்தக் கட்டுரைகளில் என்னதான் எழுதியிருக்கும் என்று நீங்கள் யோசித்ததுண்டா? வாருங்கள், ஒருவருடைய ஜாபிதாவைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

அவர் பெயர் ராய் கால்ன். 1930-ல் பிறந்த ஆங்கிலேயர். லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் அவர் மாணவராக இருந்தபோது, சிறுநீரகம் கெட்டுப்போன ஒரு வாலிபன் அங்கே படுத்திருந்தான். இரண்டு வாரத்துக்கு மேல் தாங்கமாட்டான் என்றார்கள் பெரியவர்கள். வேறு சிறுநீரகம் வைத்தால் என்ன என்று மாணவர் கேட்டார். முடியாது என்று பதில் வந்தது. ஏன் முடியாது? முடியாது, அவ்வளவுதான்!

காரணம் இல்லாமல் இல்லை. நம் உடம்புக்கு ஒரு காவல்காரன் உண்டு. அந்நியன் எவன் நுழைந்தாலும் அடித்து விரட்டுவான். வந்தவன் திருடனா, உதவிக்கு வந்தவனா என்று விசாரிக்கிற வழக்கமே அவனுக்குக் கிடையாது. 1954-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டாக்டர் ஜோஸப் மர்ரே, ஒருவருடைய சிறுநீரகத்தை அவருடன் பிறந்த இரட்டையருக்கே வைத்து வெற்றி கண்டார். அச்சில் வார்த்தது போன்ற இரட்டையரானதால் காவல்காரன் ஏமாந்தான். ஆனால் எல்லாரும் இரட்டையராகவா பிறக்கிறோம்?

கால்ன் முதலில் நாய்களுக்கு எக்ஸ்ரே கதிர்களைச் செலுத்திக் காவல்காரனை அடக்கப் பார்த்தார், பலிக்கவில்லை. அந்தச் சமயத்தில் வேறு இருவர் எழுதிய கட்டுரை அவர் கண்ணில் பட்டது. ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஒரு மருந்தை முயல்களுக்குக் கொடுத்தால் அவற்றின் எதிர்ப்பு அடங்குகிறது என்று 1959-ல் ஷ்வார்ட்ஸ், டேமஷெக் என்ற டாக்டர்கள் எழுதியிருந்தார்கள். அதே மருந்தை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார் கால்ன். வைத்த சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிக நாள் வேலை செய்தது. 1960-ல் 'லான்ஸெட்' பத்திரிகையில் அதை எழுதினார்.

பிறகு பாஸ்டனுக்கே போய் மர்ரேயுடன் சேர்ந்து, அதைவிட நல்ல அஸதயோப்ரின் என்ற மருந்தைச் சோதித்தார். 1962-ல் அந்த மருந்தின் துணையோடு, இறந்துபோன ஒருவரின் சிறுநீரகத்தை உறவில்லாத ஒருவருக்கு மர்ரே வெற்றிகரமாகப் பொருத்தினார்.

இனி 1978-க்கு வருவோம். கால்ன் அப்போது கேம்பிரிட்ஜில் ரண சிகிச்சைப் பேராசிரியர். காளான் இனத்திலிருந்து கிடைத்த சைக்ளோஸ்போரின் என்ற புது மருந்தை ஏழு நோயாளிகளுக்குக் கொடுத்தார். அந்த ஆண்டே 'லான்ஸெட்'டில் கணக்கு வந்தது. ஐந்து பேர் புதுச் சிறுநீரகம் வேலை செய்ய வீடு திரும்பினார்கள். ஒருவருக்கு வைத்ததை எடுக்க வேண்டியதாயிற்று. ஒருவர் நோய்க் கிருமிகள் தொற்றி இறந்துபோனார். அதோடு விட்டாரா? இந்த மருந்து காவல்காரனை அடக்குகிறது, ஆனால் சிறுநீரகத்தையும் ஈரலையும் இதுவே கெடுக்கிறது என்றும் ஒளிக்காமல் எழுதினார்.

நேயர்களே, யோசித்துப் பாருங்கள். ஐந்து பேரின் கதையை மட்டும் எழுதியிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். ஆனால் அதைப் படித்துவிட்டு மற்ற ஊர் டாக்டர்கள் அதே அளவு மருந்தைக் கொட்டியிருப்பார்கள். எத்தனை சிறுநீரகங்கள் வீணாகியிருக்குமோ! குறையையும் எழுதியதால் மற்றவர்கள் உஷாரானார்கள். அளவைக் குறைத்தார்கள். அமெரிக்காவில் தாமஸ் ஸ்டார்ஸல் இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்து, அதன் பலனை 1980-ல் எழுதினார். இறந்தவரிடமிருந்து பெற்ற சிறுநீரகம் ஓர் ஆண்டு நிலைப்பது முன்பு நூற்றுக்கு ஐம்பது என்ற மட்டில் இருந்தது. ஏறத்தாழ எண்பதாக உயர்ந்தது.

2024 ஜனவரியில், தொண்ணூற்று மூன்றாம் வயதில் கால்ன் காலமானார். 'ஸர்' பட்டமும் பரிசுகளும் அவருக்குக் கிடைத்தன. இருக்கட்டும். இனி யாராவது உங்களிடம் ஓர் ஆராய்ச்சியாளரின் கட்டுரைகளை எண்ணிச் சொன்னால், தலையை ஆட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: "பிழைக்காதவர்களைப் பற்றியும் அதில் எழுதியிருக்கிறாரா?"