அம்பாசிடரைக் குற்றம் சொல்லாதீர்கள்

2014 மே மாதம் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி நின்றது. ஆனால் வண்டியைப் பாசத்தோடு வைத்திருப்பவர்கள் இன்றும் உண்டு. அவர்களின் பொதுவான புலம்பல், "சூடாயிடுது" என்பதுதான்.

பழி வண்டியின் வயதின்மேல் விழுகிறது. உண்மையில் பல நேரங்களில் குற்றவாளி தண்ணீர். மூலனூர் போன்ற வறண்ட வட்டாரங்களில் ரேடியேட்டருக்குப் போர்வெல் தண்ணீரை ஊற்றுவது எளிய பழக்கம். கடின நீர் சூடாகும்போது சுண்ணாம்புப் படிவு பிரிந்து, மெல்லிய பித்தளைக் குழாய்களின் உட்சுவரில் ஒட்டுகிறது. வார்ப்பிரும்பு எஞ்சினின் துருவும் சேர்ந்துகொண்டால் வழி அடைபடும்.

சுத்தம் செய்வது பெரிய வித்தையல்ல. எஞ்சின் முழுதும் ஆறியபின் பழைய நீரை வடித்து, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். படிவு கெட்டியாக இருந்தால் சிட்ரிக் அமிலக் கரைசல் உதவும்; பிறகு நன்றாக அலச வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் பற்றவைப்புக் கடையில் தொட்டியைப் பிரித்துக் குழாய்களில் கம்பி விட்டுத் துப்புரவு செய்வார்கள்.

அதன்பின் மீண்டும் போர்வெல் தண்ணீரையே ஊற்றினால் செய்த வேலை வீண். காய்ச்சி வடித்த நீரும் கூலண்ட்டும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும்.

வடித்த பழைய கூலண்ட்டைச் சாக்கடையிலோ காட்டிலோ கொட்டாதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது, நஞ்சும்கூட. ஆடு மாடுகள் மேயும் ஊரில் அதை மூடிய கேனில் பிடித்து, முறையாக அப்புறப்படுத்த ஒர்க்‌ஷாப்பில் ஒப்படைப்பது ஒவ்வொரு வண்டிக்காரரின் கடமை.