ரசிகனும் வெப்பமானியும்

கணினியின் வேகத்தைக் கூட்டுவதற்காக அதன் பெட்டிக்குள் தண்ணீர்க்குழாய் ஓட்டுகிறவர்களைப் பற்றி இலக்கியக் கூட்டங்களில் பேச்சு வந்தால் உடனே ஓர் இளக்காரச் சிரிப்பு எழுகிறது. காசுக்குப் பிடித்த கேடு என்பார் ஒருவர். நுகர்வு வெறியின் உச்சம் என்பார் சற்றுக் கூடுதலாகப் படித்தவர். மூன்று மைலில் குற்றாலம் இருக்க, இவன் பெட்டிக்குள் அருவி விடுகிறானே என்று தென்காசிக்காரர்களே நகைப்பதையும் கேட்டிருக்கிறோம். இந்த நகைப்பில் எங்களுக்கு உடன்பாடில்லை. செய்யப்படுவது இன்னதென்று விசாரிக்கக்கூடப் பொறுமையில்லாத சோம்பல்தான் இதில் பெரும்பங்கு என்பது எங்கள் துணிபு.

ஓவர்க்ளாக்கிங் என்பது என்ன? கணினியின் செயலி ஒரு தாளத்துக்குக் கட்டுப்பட்டு இயங்குவது. நொடிக்கு இத்தனை கோடித் துடிப்பு என்று ஆலை அதன்மேல் ஓர் எண்ணை அச்சிட்டு அனுப்புகிறது. அந்த எண் சில்லின் பிறவிக்குணம் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் அதில் பாதி வியாபாரம். ஒரே தகட்டில் விளைந்த சில்லுகளைச் சோதித்துத் தரம் பிரிக்கும்போது சந்தையின் தேவையும் அந்தப் பிரிப்பில் கலந்துவிடுகிறது. 1998-இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ இதற்கு நல்ல சாட்சி. 300 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதி மலிவாக விற்கப்பட்ட அந்தச் சில்லை, மதர்போர்டின் துடிப்பு 66-இலிருந்து 100-க்கு மாற்றியதும், 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டியவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். அதே ஆண்டு அதே நிறுவனம் அதே வேகத்துக்கு விற்ற பென்டியம் 2-இன் விலையோ பல மடங்கு. அச்சிட்ட எண்ணை வேதவாக்காகக் கொள்ளாதவனுக்கே இது பிடிபட்டது.

அச்சில் இருப்பதாலேயே ஒன்றை ஏற்க மறுத்த ஒருவரைக் குற்றாலம் நன்கு அறியும். ராஜாஜியும் கல்கியும் தேடிவந்த ரசிகமணி டி.கே.சி., 1954-இல் மறையும்வரை, கம்பனின் ஒவ்வொரு பாடலையும் வாய்விட்டுப் பாடிக் காதால் சோதித்தார். தேறாதவற்றை இடைச்செருகல் என்று ஒதுக்கினார், சிலவற்றைத் திருத்தவும் செய்தார். பண்டிதர்கள் கொதித்தார்கள். அவர் செய்த திருத்தங்கள் எல்லாம் சரியா என்பது வேறு வழக்கு. எடுத்த பொருளை அதன் எல்லைவரை சென்று உரசிப் பார்க்கும் அந்த மனநிலையை ரசனை என்று கொண்டாடுகிற நாம், அதையே ஒருவன் சிலிக்கனிடம் காட்டும்போது வெறி என்று பெயர் சூட்டுவது எந்த ஊர் நியாயம்?

நல்ல பொருளைக் கெடுக்கிறான் என்ற குற்றச்சாட்டும் உண்டு. அதைச் சொல்வோர் 2024-ஐ நினைவுகூர வேண்டும். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் பல, எவர் கையும் படாமலே நிலைகுலைந்தன. அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தைச் செயலியே கேட்டு வாங்கும்படி அதன் உள்நிரல் அமைந்திருந்ததென்று நிறுவனமே ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டது, உத்தரவாதத்தையும் இரண்டாண்டு நீட்டியது. ஏற்கெனவே பழுதானவை அந்தத் திருத்தத்தால் மீளவில்லை. ஒப்பீட்டுப் பட்டியலில் முந்துவதற்காக ஆலைகளே சில்லுகளை விளிம்பில் நிறுத்தி விற்கும் காலம் இது. வீட்டு மாடியில் வெப்பமானியோடு உட்கார்ந்திருப்பவனிடம் பொறுமையாவது இருக்கிறது.

இனித் தண்ணீருக்கு வருவோம். எங்கள் வழக்கின் உயிர்நிலை இங்கேதான். தண்ணீர் சூட்டை அழிப்பதில்லை, சுமக்க மட்டுமே செய்கிறது. ஒரே கனஅளவில் காற்றைவிட ஏறக்குறைய 3,500 மடங்கு வெப்பத்தை அது சுமக்கும். செயலியின் தலையில் உட்காரும் செப்புத்தகட்டில் சூட்டை வாங்கி, பம்பு தள்ள, ரேடியேட்டரில் போய் அறைக்காற்றிடம் இறக்கிவைக்கிறது. ஆகவே அறையின் வெப்பநிலைக்குக் கீழே அதனால் ஒருபோதும் இறங்க முடியாது. அந்த அறை எந்த ஊரில், எந்த மாதத்தில் இருக்கிறது என்பதே முதற்கேள்வியாகிறது.

ஆங்கிலத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளும் காணொளிகளும் பெரும்பாலும் 20, 22 பாகையில் குளிர்ந்திருக்கும் அறைகளில் உருவானவை. அதில் ஒருவர் செயலி 75 பாகையில் நின்றது என்று காட்டுவதைப் பார்த்துவிட்டுத் தென்காசியில் ஒருவர் சித்திரை மாதத்து மாடியறையில், 37 பாகையில், அதே அமைப்பை வைத்தால் 90-ஐத் தொடுவார். தன் கைவேலையில் ஏதோ கோளாறு என்று அஞ்சிக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார். கோளாறு எதுவுமில்லை. அவர் குறிக்க வேண்டியது அறைக்கும் செயலிக்கும் உள்ள வித்தியாசத்தை. இந்த ஒரு வரியை அவருக்குத் தமிழில் சொல்ல ஆளில்லை என்பதே எங்கள் ஆற்றாமை.

சாரல் மாதங்களில் கதை தலைகீழ். ஆனியிலும் ஆடியிலும் செங்கோட்டைக் கணவாய் வழியே காற்று இறங்கும்போது அறை 27 பாகைக்கு வந்துவிடும், வேகமும் தாராளமாய் ஏறும். அந்தக் குதூகலத்தில் தொட்டிக்குள் பனிக்கட்டி போட்டால் என்ன என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காடு என்றால் பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 24 பாகை. அறையைவிட மூன்று பாகை குளிர்ந்தாலே குழாய் வியர்க்கும், மதர்போர்டில் சொட்டும். சித்திரை நடுப்பகலில் காற்று 37 பாகையிலும் ஈரப்பதம் 35 விழுக்காட்டிலும் இருந்தால் பனிநிலை 19-ஐ ஒட்டி நிற்கும். ஆக, பனிக்கட்டி விளையாட்டுக்குச் சாரலைவிடக் கோடையே பாதுகாப்பு. லண்டனிலோ கலிபோர்னியாவிலோ இருப்பவர் குற்றாலத்துக்காரருக்கு இதை எழுதித் தரப்போவதில்லை.

(அருவி என்றதும் ஒன்று. வெப்பத்தையும் வேலையையும் ஒரே தராசில் நிறுத்த முயன்ற ஜூல், 1847-இல் தேனிலவுக்குப் போன இடத்தில் அருவியின் மேலும் கீழும் தண்ணீரின் சூட்டை அளக்க வெப்பமானியோடு அலைந்ததாகக் கெல்வின் பின்னாளில் ஒரு கதை சொன்னார். அந்தக் கணக்கின்படி சுமார் 60 மீட்டர் விழும் குற்றாலப் பேரருவி தன் தண்ணீரை ஏழில் ஒரு பாகை சூடாக்க வேண்டும். அருவியில் நனைபவன் மட்டும்தான் ரசிகன் என்று யார் சொன்னது?)

முதன்முதலாக இதில் இறங்குபவர் செய்ய வேண்டியவை சில. அருவித் தண்ணீரும் வேண்டாம், குழாய்த் தண்ணீரும் வேண்டாம், உப்பு படியும். வாலை வடித்த நீர் போதும், அதோடு பாசியையும் அரிப்பையும் தடுக்கும் மருந்து சேர்க்க வேண்டும். செப்புத்தகடு உள்ள சுற்றில் அலுமினிய ரேடியேட்டரைக் கலக்கக் கூடாது, மெல்ல மெல்ல அரித்துவிடும். கணினிக்கு மின்சாரம் தராமல் பம்பை மட்டும் ஒரு முழு நாள் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் மெல்லிய காகிதம் வைத்துக் கசிவு பார்க்க வேண்டும். பிறகும் அவசரம் கூடாது. இன்டெல் என்றால் பெயரின் கடைசியில் ‘கே’ எழுத்துள்ள செயலியும் அதற்கு இடம் தரும் மதர்போர்டும் தேவை. ஆலை வேகத்திலேயே அறைச்சூடு, சும்மா இருக்கும்போதைய சூடு, முழுச்சுமைச் சூடு மூன்றையும் நோட்டில் எழுத வேண்டும். அதன்பின் ஒருமுறைக்கு ஒன்றை மட்டும், நூறு நூறு மெகாஹெர்ட்ஸாக மாற்றிச் சோதிக்க வேண்டும். சோதிக்கும் நிரலான பிரைம்95, பெரிய பகா எண்களைத் தேடுவதற்கென 1996-இல் தொடங்கிய முயற்சியிலிருந்து வந்தது. விடை முன்பே தெரிந்த கணக்குகளைக் கொடுத்து, சில்லு பொய் சொல்கிறதா என்று பார்க்கும். ஓடிக்கொண்டே தவறாகக் கணக்கிடும் சில்லு, நின்றுபோன சில்லைவிட மோசம்.

மின்னழுத்தத்தில் கைவைக்கும்போது ஒரு கணக்கு மறக்கலாகாது. சூடு வேகத்தோடு ஒருமடங்காகவும் மின்னழுத்தத்தோடு இருமடி விகிதத்திலும் ஏறும். இரண்டையும் பத்து விழுக்காடு கூட்டினால் சூடு 33 விழுக்காடு கூடும். வேகத்தை அப்படியே வைத்து மின்னழுத்தத்தை மட்டும் பத்து விழுக்காடு குறைக்க முடிந்தால் 19 விழுக்காடு குறையும். இன்றைய செயலிகள் தாமாகவே வேகத்தை ஏற்றிக்கொள்பவை, 1998-இல் கிடைத்ததுபோல் பாதிக்குப் பாதி லாபம் இனி வராது. எனவே தென்காசிக் கோடையில் ஒரு ரசிகனின் நிஜமான தேர்ச்சி அழுத்தத்தைக் குறைத்து அதே வேகத்தில் நிற்பதில் இருக்கலாம் என்பது எங்கள் கட்சி. வண்ண வண்ணமாய் மின்னும் விசிறிகளை வாங்கி அடுக்கிப் படம் எடுத்துப் போடும் கூட்டத்தை நுகர்வு வெறி என்று யாராவது திட்டினால் நாங்களும் கூடச் சேர்ந்து திட்டுவோம்.

2011-இலிருந்து பக்கத்து மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் எழுதுகிறது. கணினி இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. புதிதாக இருப்பது அதைத் திறந்து பார்ப்பதைப் பற்றிய தமிழ் உரைநடை. பெருங்குளத்தில் 1891-இல் பிறந்த பெ.நா. அப்புசாமி அறிவியலைக் கதைபோல எழுதிக் காட்டினார். சில்லைப் பற்றி வெகுஜன வாசகனுக்குச் சொன்ன சுஜாதா 2008-இல் போனார். அதன்பின் இலக்கிய இதழ்கள் இந்தப் பக்கமே திரும்பவில்லை. கலைச்சொல் அகராதிக்காரர்கள் ஓவர்க்ளாக்கிங்குக்கு நான்கு மாற்றுச்சொல் தயாரித்துச் சண்டையிடுவார்கள், அதைப் பயன்படுத்தி ஒரு பக்கக் கட்டுரை எழுதமாட்டார்கள். சிரிக்கிறவர்களோ சிரித்துவிட்டு, தமிழ் அழிகிறது என்று அடுத்த அமர்வில் கண்ணீர் விடுவார்கள்.

ஆடிச் சாரலிலும் சித்திரை வெயிலிலும் ஒரே கணினியில் எடுத்த அளவுகளோடு யாராவது ஒரு கட்டுரை எழுதினால், கவிதைகளுக்கு முன்னால் அதை இடுவதாக இருக்கிறோம். அறைச்சூட்டைக் குறிப்பிடாத கட்டுரைகள் மட்டும் திருப்பி அனுப்பப்படும்.