குரோம்பேட்டை மாணவர் ஜனாதிபதி ஆனார்: ஓட்டுப் போட்டது யார்?

ஜனாதிபதி தேர்தலில் உங்களுக்கு ஓட்டு உண்டா?

இல்லை. எனக்கும் இல்லை. தாம்பரம் மாநகராட்சிக் கவுன்சிலர்களுக்கும் இல்லை.

ஓட்டு உள்ளவர்கள் இரண்டே வகை. மக்கள் தேர்ந்தெடுத்த எம்.எல்.ஏ.க்கள் ஒரு வகை. எம்.பி.க்கள் இன்னொரு வகை. எம்.பி.க்களிலும் நியமன உறுப்பினர்களுக்கு ஓட்டு கிடையாது.

எம்.எல்.ஏ.யின் ஓட்டு சாதாரண ஓட்டு அல்ல. தாம்பரம் எம்.எல்.ஏ. ஒரு சீட்டைப் பெட்டியில் போட்டால், அதற்கு 176 மதிப்பு. பல்லாவரம் எம்.எல்.ஏ.யின் சீட்டுக்கும் 176 தான்.

இது என்ன கணக்கு? 1971-ல் தமிழ்நாட்டின் ஜனத்தொகை சுமார் 4 கோடியே 12 லட்சம். அதை 234 எம்.எல்.ஏ.க்களால் வகுக்க வேண்டும். வருவதை ஆயிரத்தால் வகுக்க வேண்டும். விடை 176. உத்தரப் பிரதேசத்தில் இது 208. சின்னஞ்சிறு சிக்கிமில் வெறும் 7. 2022-ல் நடந்த தேர்தலிலும் இதே கணக்குதான்.

அப்படியானால், ‘மக்கள் ஆதரவு பெற்ற ஜனாதிபதி வேட்பாளர்’ என்கிறார்களே, அந்த ஆதரவு எந்தப் பெட்டியில் விழுகிறது? இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், நம் ஊரில் படித்த ஒருவரின் கதையைப் பார்க்க வேண்டும்.

அடகு போன வளையல்

குரோம்பேட்டை ரெயில் நிலையத்தைத் தாண்டி தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் போகிறார்கள். தோல் பதனிடும் ‘குரோம் லெதர்’ கம்பெனியால் ஊருக்கு அந்தப் பெயர் வந்தது. ஆனால் ஊருக்குப் புகழ் தேடித் தந்தது எம்.ஐ.டி. கல்லூரி. 1949-ல் சி. ராஜம் என்ற பெரியவர் தம் வீட்டை விற்று, அந்தப் பணத்தைப் போட்டு ஆரம்பித்த கல்லூரி அது.

ராமேசுவரத்தில் படகுக்காரர் வீட்டில் பிறந்த அப்துல் கலாம், 1950-களில் அங்கே விமானப் பொறியியல் படிக்க வந்தார். கல்லூரியில் சேர ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் வேண்டும். தகப்பனாரிடம் அவ்வளவு பணம் இல்லை. அக்காள் சொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். கல்லூரியில் காட்சிக்கு நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்களின் பக்கத்தில் அந்த மாணவர் நெடுநேரம் உட்கார்ந்திருப்பாராம்.

அவர் செய்த ராக்கெட் எப்படிப் பறந்தது என்பது நம்மில் பலருக்குப் புரியாது. அடகு போன வளையல் எல்லோருக்கும் புரியும். கலாமுக்கு வீட்டுக்கு வீடு ஆதரவு கிடைத்ததற்குப் பாதிக் காரணம் அந்த வளையல்தான் என்பது என் எண்ணம்.

எல்லாக் கட்சிகளும் வேண்டும்

2002-ம் ஆண்டு ஜூன் 10. கலாம் அப்போது அண்ணா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அன்று பாடம் நடத்தி முடித்த பிறகு டெலிபோன் வந்தது. பேசியவர் பிரதம மந்திரி வாஜ்பாய். ‘ஜனாதிபதி தேர்தலில் நிற்க வேண்டும்’ என்றார்.

கலாம் உடனே சரி என்று சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் அவகாசம் கேட்டார். நண்பர்களைக் கலந்து பேசினார். பிறகு சம்மதித்தார். எல்லாக் கட்சிகளின் வேட்பாளராக நிற்கவே விரும்புவதாகச் சொன்னார்.

ஏறக்குறைய அப்படியே நடந்தது. பாரதிய ஜனதா கூட்டணி நிறுத்திய வேட்பாளரை காங்கிரஸ் ஆதரித்தது. முலாயம் சிங்கின் சமாஜ்வாதி கட்சியும் ஆதரித்தது. தமிழ்நாட்டில் தி.மு.க.வும் அ.தி.மு.க.வும் ஒரே ஆளுக்கு ஓட்டுப் போட்டன. இந்த இரண்டு கட்சிகளும் ஒரே பக்கம் நிற்பதை நாம் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்?

கட்சிகளுக்கு அவரவர் கணக்கு இருந்திருக்கும். ஆனால் கலாமை எதிர்த்தால் தம் ஊர் ஜனங்களுக்கு என்ன பதில் சொல்வது என்ற யோசனையும் அந்தக் கணக்கில் இருந்தது. ஓட்டு இல்லாத ஜனங்களின் ஆதரவு வேலை செய்தது இந்த இடத்தில்தான்.

எதிர்த்து நின்றவரும் லேசானவர் அல்ல. அவர் கேப்டன் லட்சுமி சேகல். சென்னையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டர் ஆனவர். நேதாஜியின் படையில் பெண்கள் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். வயது 87. இடதுசாரிக் கட்சிகள் அவரை நிறுத்தின. ‘கலாம் நல்லவர், பெரிய விஞ்ஞானி. ஆனால் ஜனாதிபதி பதவிக்கு அரசியல் அனுபவம் வேண்டாமா?’ என்பது எதிர்த்தவர்களின் கேள்வி.

ஜூலை 15-ல் தேர்தல். கலாமுக்கு 9,22,884. லட்சுமி சேகலுக்கு 1,07,366.

கேள்வி தவறா?

தோற்றவர்கள் கேட்டதால் கேள்வி தவறாகிவிடாது. 2005-ம் ஆண்டு மே மாதம் கலாம் மாஸ்கோவில் இருந்தபோது, பீகார் சட்டசபையைக் கலைக்க நள்ளிரவில் கையெழுத்துப் போட்டார். மத்திய மந்திரிசபை கேட்டுக்கொண்டதால் போட்ட கையெழுத்து அது. அந்தக் கலைப்பு அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. ராஜினாமா செய்யவும் நினைத்ததாகக் கலாமே பிற்பாடு எழுதினார்.

மறு ஆண்டு வேறு விதமாக நடந்தது. ஆதாயம் தரும் பதவிகள் பற்றிய மசோதாவை ‘மீண்டும் யோசியுங்கள்’ என்று சொல்லி, பாராளுமன்றத்துக்கே திருப்பி அனுப்பினார். அவரை ஆதரித்த நாம் முதல் சம்பவத்தை மறைக்க வேண்டியதில்லை. இரண்டாவதை மறக்கவும் கூடாது.

2012-ல் என்ன ஆயிற்று?

2007-ல் மீண்டும் நிற்கும்படி சில கட்சிகள் கேட்டன. வெற்றி நிச்சயமானால்தான் நிற்பேன் என்றார். நிச்சயம் இல்லை என்று தெரிந்ததும் விலகிக்கொண்டார்.

2012-ல் மக்கள் குரல் இன்னும் பலமாகக் கேட்டது. மம்தா பானர்ஜி பேஸ்புக்கில் கலாமுக்கு ஆதரவு திரட்டினார். ஆனால் கட்சிகளின் கணக்கு வேறாக இருந்தது. காங்கிரஸ் கூட்டணி பிரணாப் முகர்ஜியை நிறுத்தியது. முதலில் கலாம் பெயரைச் சொன்ன முலாயம் சிங், பிரணாப் பக்கம் போனார். தமிழ்நாட்டிலேயே பாருங்கள்: அ.தி.மு.க. மே மாதமே பி.ஏ. சங்மாவுக்கு ஆதரவு என்று அறிவித்துவிட்டது. தி.மு.க.வின் ஆதரவு பிரணாபுக்கு. கலாமின் சொந்த மாநிலத்தில், தலா 176 மதிப்புள்ள 234 ஓட்டுகளில், அவருக்கென்று ஒதுங்கிய ஓட்டு எத்தனை என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

ஜூன் 18-ல் கலாம் அறிக்கை விட்டார். மக்களின் அன்புக்கு நன்றி சொன்னார். நிற்கவில்லை என்றார்.

ஜனங்களின் பிரியத்தில் குறைவில்லை. ஆட்டோவின் முதுகில் இன்றும் அவர் படம் இருக்கிறது. ஆனால் அந்தப் பிரியம் எம்.எல்.ஏ.யின் காதுக்குப் போகவில்லை. சட்டசபைத் தேர்தல் சமயத்தில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் நாம் குடிதண்ணீர் கேட்கிறோம், சாக்கடை கேட்கிறோம், பட்டா கேட்கிறோம். கேட்க வேண்டியவைதான். ‘ஜனாதிபதி தேர்தலில் யாருக்குப் போடுவீர்கள்?’ என்று நான் அறிந்து யாரும் கேட்டதில்லை. கேட்டாலும் ‘கட்சி சொன்னபடி’ என்றுதான் பதில் வரும். உண்மையில் இந்தத் தேர்தலில் கட்சிகள் கொறடா உத்தரவு போட முடியாது. ஓட்டு ரகசியமானது. எம்.எல்.ஏ. தம் மனசாட்சிப்படி போடலாம்.

2022-ல் ஜனாதிபதியான திரவுபதி முர்முவின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2027 ஜூலையில் முடிகிறது. இந்தத் தேர்தலில் நம் எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போடுவது சென்னைக் கோட்டையில். ஓட்டை எண்ணுவது டெல்லியில். 2022-ல் ஓட்டுப் பெட்டிகளை விமானத்தில் கொண்டுபோக, பயணியைப் போலவே பெட்டிக்கும் ஓர் ஆசனம் ஒதுக்கி, தனி டிக்கெட் எடுத்தார்கள். டிக்கெட்டில் எழுதிய பெயர், ‘திருவாளர் ஓட்டுப் பெட்டி’!