பன்னிரண்டு மாதமும் ஒரு பூட்டும்

ஞானஸ்நானத் தொட்டி என்றால் அதில் புனிதர்கள் இருப்பார்கள், புறா இருக்கும், தேவதூதர்கள் இருப்பார்கள் என்றுதான் நினைப்போம். இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக் பகுதியின் வட கடலோரத்தில் பர்ன்ஹாம் டீப்டேல் என்று ஒரு சிற்றூர். அங்குள்ள பங்குக்கோயிலில் 12ஆம் நூற்றாண்டில் செதுக்கிய சதுரக் கல்தொட்டி ஒன்று இன்றைக்கும் நிற்கிறது. அதில் மண்வெட்டி இருக்கிறது. அரிவாள் இருக்கிறது. கதிர்க்கட்டு இருக்கிறது. பன்றி இருக்கிறது.

தொட்டியின் மூன்று பக்கங்களில், பக்கத்துக்கு நான்காகப் பன்னிரண்டு மாதங்கள். நான்காம் பக்கத்தில் இலையும் கொடியும். ஜனவரியில் ஒருவன் கொம்பில் குடிக்கிறான். பிப்ரவரியில் உட்கார்ந்து காலைக் காய்ச்சுகிறான். மார்ச்சில் மண் கொத்துகிறான். ஏப்ரலில் கிளை கழிக்கிறான். மே மாதம் கொடி பிடித்து ஊர் எல்லையைச் சுற்றி வருகிறான். ஜூனில் களை எடுப்பு, ஜூலையில் நீளக் கைப்பிடி அரிவாளால் புல் அறுப்பு, ஆகஸ்டில் கதிர்க்கட்டு, செப்டம்பரில் கதிரடிப்பு. அக்டோபரில் தானியம் அரைக்கிறான் என்பார் சிலர், பீப்பாய் நிரப்புகிறான் என்பார் சிலர். நவம்பரில் பன்றி அறுக்கிறான். டிசம்பரில் நான்கு பேர் மேசையில் உட்கார்ந்து விருந்து சாப்பிடுகிறார்கள்.

பார்த்ததும் மனசு குளிரத்தான் செய்யும். கோயிலுக்குள், அதுவும் பிள்ளையை முக்கியெடுக்கிற தொட்டியில், உழைப்பவனின் முதுகு வளைவைச் செதுக்கியிருக்கிறார்களே! உழைப்பைப் புனிதமாக்கிய கலை இது என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். கலை ரசிகர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். நாமும் அப்படியே விட்டுவிடலாமா?

இந்த மாத வரிசையை டீப்டேல் சிற்பி கற்பனையில் கண்டுபிடிக்கவில்லை. அன்றைய ஐரோப்பாவில் பேராலய வாசல்களிலும் பணக்காரர்களின் ஜெபப் புத்தகங்களிலும் இதே வரிசை உண்டு. கென்ட் பகுதியில் ப்ரூக்லாண்ட் கோயிலின் ஈயத் தொட்டியில் ராசிச் சின்னங்களோடு சேர்த்தே வார்த்திருக்கிறார்கள். இந்த வாய்பாடு சொல்கிற சேதி ஒன்றுதான்: காலத்தைக் கடவுள் இப்படி வகுத்தார், அவனவன் வேலையை அவனவன் செய்யவேண்டும். 11ஆம் நூற்றாண்டில் லான் நகரத்து ஆயர் அடல்பெரோ சமூகத்தை மூன்றாக வகுத்து எழுதினார். ஜெபிக்கிறவர்கள், போரிடுகிறவர்கள், உழைக்கிறவர்கள். இதை வேறொரு மொழியில், வேறொரு எண்ணிக்கையில் கேட்டுக் காது புளித்தவர்கள் நாம். நமக்கு உரை எழுதத் தேவையில்லை.

நான் வங்கியில் பேரேடு புரட்டிப் பிழைக்கிறவன். எந்தப் பக்கத்தைப் பார்த்தாலும் எதிர்ப் பக்கத்தைத் தேடுவது தொழில் பழக்கம். இந்தத் தொட்டியில் இருப்பது உழைப்பின் பக்கம் மட்டுமே. பிடித்தம் எழுதிய பக்கம் பண்ணைக் கணக்குகளில் இருக்கிறது. அதையும் சேர்த்து வாசிப்போம்.

மார்ச்சில் கொத்துகிறானே, பண்ணையாளாக இருந்தால் வாரத்தில் இத்தனை நாள் பிரபுவின் நிலத்தில் கூலியில்லாமல் கொத்தவேண்டும். அறுவடைக் காலத்தில் அதற்கு மேலும் நாள் கொடுக்கவேண்டும். ஆகஸ்டில் கட்டுகிற கதிர்க்கட்டில் பத்தில் ஒன்று கோயிலுக்குத் தசமபாகம். அரைக்கவேண்டுமா, பிரபுவின் ஆலையில்தான் அரைக்கவேண்டும், அதற்கும் ஒரு பங்கு அளக்கவேண்டும். பன்றியை அவன் காட்டில் மேயவிட்டால் அதற்குக் காசு. மகளுக்குக் கல்யாணம் என்றால் பிரபுவுக்குக் காசு. செத்தால் வீட்டிலிருக்கும் நல்ல மாடு பிரபுவுக்கு, அடுத்த நல்ல மாடு கோயிலுக்கு. பிணம் வாசலைத் தாண்டுமுன் மாடு தாண்டிவிடும். ஊருக்கு ஊர் வழக்கம் கொஞ்சம் மாறும். நார்ஃபோக்கில் சுதந்திரக் குடியானவர்களும் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனாலும் கணக்கின் போக்கு இதுதான்.

இப்போது டிசம்பரைப் பாருங்கள். மேசையில் உட்கார்ந்திருக்கும் நான்கு பேர் யார்? மார்ச்சில் கொத்தியவனா? செப்டம்பரில் கதிரடித்தவனா? கல் சொல்லவில்லை. உழுகிறவனுக்கும் உண்கிறவனுக்கும் ஒரே வரிசையில் இடம் கொடுத்துவிட்டு, இருவரும் ஒருவரேயா என்ற கேள்வியை மட்டும் அது விழுங்கிவிடுகிறது. கருத்தியல் வேலை செய்கிற இடம் இதுதான் தோழர்களே. பொய் சொல்லாது. இரண்டு உண்மைகளை அடுத்தடுத்து வைத்து நடுவிலிருக்கும் கணக்கை மறைத்துவிடும்.

அடுத்து தண்ணீர். பங்கில் பிறந்த பிள்ளைக்கெல்லாம் பங்குக்கோயில் தொட்டிதான். பிரபுவின் பிள்ளையும் முங்கும், பண்ணையாளின் பிள்ளையும் முங்கும். ஆதிப் பாவம் இருவருக்கும் கழுவப்படும் என்றது திருச்சபை. பிறப்பால் வந்த பாவம் தண்ணீரில் போனது. பிறப்பால் வந்த அடிமைத்தனம் மட்டும் போகவில்லை. பண்ணையாளின் பிள்ளை தொட்டியிலிருந்து எழுந்ததும் பண்ணையாளின் பிள்ளைதான். 1164இல் இரண்டாம் ஹென்றி மன்னர் வெளியிட்ட கிளாரண்டன் விதிகளில் ஒன்றைக் கவனியுங்கள். பண்ணையாளின் மகன், தான் பிறந்த நிலத்தின் பிரபு சம்மதிக்காமல் குருப்பட்டம் பெறக்கூடாது. இந்தத் தொட்டி செதுக்கிய அதே நூற்றாண்டு. தொட்டிக்குள் வர எவன் அனுமதியும் வேண்டாம், பீடத்துக்கு ஏற அனுமதி வேண்டும். ஒரே தண்ணீரில் முங்கியும் தனி வரிசை, தனிக் கல்லறை பார்த்த சேரிக்காரர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

1236இல் கேன்டர்பரி பேராயர் எட்மண்ட் இன்னொரு விதி போட்டார். ஞானஸ்நானத் தொட்டிகளை மூடிப் பூட்டி வைக்கவேண்டும். மந்திரித்த தண்ணீரை ஜனங்கள் திருடிக்கொண்டு போய்ச் சூனியத்துக்குப் பயன்படுத்துகிறார்களாம். பழைய ஆங்கிலத் தொட்டிகள் பலவற்றின் விளிம்பில் பூட்டுக் கொண்டி அடித்த வடு இன்றும் உண்டு. சூனியம் என்று அவர்கள் சொன்னதை நாம் அப்படியே ஒப்பிக்கவேண்டியதில்லை. வைத்தியம் இல்லாத ஊரில், நோய்ப்பட்ட பிள்ளைக்கும் மாட்டுக்கும் ஒரு கை தண்ணீர் தேடிப்போன ஏழைகளும் அதில் இருந்திருப்பார்கள். தொட்டியின் பக்கங்களில் உழைப்பவனின் உருவம், தொட்டித் தண்ணீருக்குப் பூட்டு, சாவி குருவிடம். இதைவிடப் பொருத்தமாக அந்தச் சமூகத்தை எந்தச் சிற்பியும் செதுக்கியிருக்க முடியாது.

ஒரே ஒரு கைக்கு மட்டும் அந்தப் பூட்டு தடையாக இருக்கவில்லை. பிறந்த சிசு சாகக் கிடந்தால் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்றது திருச்சபைச் சட்டம். நடைமுறையில் அது மருத்துவச்சியின் கை. ஞானஸ்நானம் பெறாத சிசுவுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது என்பதால் அவசரத்துக்கு அந்தக் கை தேவைப்பட்டது. பீடத்தில் பொம்பளை ஏறக்கூடாது, சாவின் விளிம்பில் மட்டும் அவளே குரு. டீப்டேல் தொட்டியின் பன்னிரண்டு வேலைகளில் பால் கறப்பு இல்லை, நூல் நூற்பு இல்லை, பிள்ளைப்பேறு பார்ப்பதும் இல்லை. உழைப்பவனைச் செதுக்கிய கல்லும் உழைப்பவளை வெளியே நிறுத்திவிட்டது.

செதுக்கியவன் யார்? டீப்டேலில் பெயர் கிடையாது. ஆனால் வடமேற்கே கம்பிரியாவில் பிரைட்கர்க் என்ற ஊரில், அதே 12ஆம் நூற்றாண்டுத் தொட்டி ஒன்றில் ஒரு கல்தச்சன் சுத்தியலும் உளியுமாகத் தன் வேலையில் இருக்கிறான். அருகே ரூனிக் எழுத்தில், ஆங்கிலத்தில், ரிக்கார்த் என்பவன் என்னைச் செய்தான், இந்த அழகுக்குக் கொண்டுவந்தான் என்று தொட்டியே பேசுகிறது. லத்தீன் கோலோச்சிய இடத்தில் ஜனங்களின் பேச்சு, வடதிசைக்காரர்களின் பழைய எழுத்து, தொழிலாளியின் பெயர். அதே தொட்டியில் இயேசுவின் ஞானஸ்நானமும் இருக்கிறது. கிறிஸ்துவுக்கு ஒரு பக்கம், தன் உளிக்கு ஒரு இடம் என்று எடுத்துக்கொண்டான் ரிக்கார்த். எனக்கு டீப்டேலைவிட இந்தத் துணிச்சல் பெரிது. அங்கே உழைப்பவன் காட்டப்படுகிறான். இங்கே உழைப்பவன் நானென்று சொல்கிறான்.

அப்படிச் சொன்னவர்கள் நார்ஃபோக்கிலும் பிறகு வந்தார்கள். 1381 விவசாயிகள் எழுச்சியில் அங்கே தலைமை ஏற்றவர் ஜெஃப்ரி லிட்ஸ்டர், சாயத் தொழிலாளி. நார்த் வால்ஷாமில் அவர் படையை நசுக்கியவர் நாரிச் ஆயர் ஹென்றி டெஸ்பென்சர், தானே ஆயுதம் எடுத்து. பிடிபட்ட லிட்ஸ்டரின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டு மன்னிப்பும் கொடுத்து, தூக்குமரத்துக்கு இழுத்துப் போகையில் தலை தரையில் அடிபடாமல் ஆயரே தாங்கிப் பிடித்தார் என்று அக்கால வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. ஆன்மாவுக்கு மன்னிப்பு, கழுத்துக்குக் கயிறு. கருணை என்பதன் எல்லையை இதைவிடத் தெளிவாக யார் வரைவது?

1549இல் மீண்டும் நார்ஃபோக். தோல் பதனிடும் தொழிலும் சொந்த நிலமும் உள்ள ராபர்ட் கெட் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் நாரிச் அருகே மவுஸ்ஹோல்ட் வெளியில் கூடி 29 கோரிக்கைகள் எழுதினார்கள். ஒரு கோரிக்கை: அடிமைப்பட்டவர் எல்லோரும் விடுவிக்கப்படவேண்டும், ஏனென்றால் கடவுள் தம் ரத்தத்தைச் சிந்தி எல்லோரையும் விடுவித்திருக்கிறார். நூற்றாண்டுக் கணக்காகத் தொட்டி விளிம்பில் கேட்ட பிரசங்கத்தை ஜனங்கள் மனுவாக்கித் திருப்பி நீட்டினார்கள். நீங்கள் சொன்னதுதானே, கொடுங்கள் என்றார்கள். கிடைத்தது படை. அந்த டிசம்பரில், தொட்டியின் கணக்குப்படி விருந்து மாதத்தில், கெட்டை நாரிச் கோட்டையில் தொங்கவிட்டார்கள். 400 வருஷம் கழித்து 1949இல் அதே கோட்டையில் அவருக்கு நினைவுக் கல் வைத்தார்கள்.

இன்றைக்கு நம்மையும் செதுக்க ஆள் வந்துவிட்டார்கள். கதையில் இடம், ஓவியத்தில் இடம், கருத்தரங்க மேடையில் ஓரத்து நாற்காலி. வேண்டாம் என்று சொல்லவில்லை. டீப்டேல் கல்லும் வேண்டாத கல் இல்லை. அது இல்லாவிட்டால் அந்த முதுகுகளின் வளைவு நமக்குத் தெரிந்திருக்காது. ஆனால் உருவம் கிடைத்ததைப் பங்கு கிடைத்ததாக எண்ணி ஏமாறவேண்டாம். பழைய கல்லையோ புதிய பிரதியையோ வாசிக்கிற மாணவத் தோழர்கள் நான்கு கேள்வி கேட்டுப் பழகுங்கள்: செதுக்கியவன் பெயர் எங்கே? இதில் இல்லாதவர் யார்? டிசம்பர் மேசையில் உட்கார்ந்திருப்பது யார்? தண்ணீர்ப் பூட்டின் சாவி யார் கையில்? கடைசிக் கேள்விக்குப் பதில் மாறாதவரை, எத்தனை அழகான சிற்பமாக இருந்தாலும் நம் கணக்கை முடிக்காமல் திறந்தே வைத்திருப்போம்.